ஆறாவது அத்தியாயத்தில் ஓர் ஆண் குரல்

அந்த லேப்டாப்பைப் பக்கத்து வீட்டு டீச்சர் சும்மா தூக்கிக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. புதிது ஒன்று வாங்கிவிட்டாராம். பழையது அலமாரியில் தூங்குகிறதாம். நான் புத்தகம் படித்துப் பதிவு செய்யப் போவதாகக் கேள்விப்பட்டாராம். "வைச்சுக்கொள்ளுங்கோ, எனக்கு இது தேவைப்படாது" என்று வேலிக்கு மேலே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். உள்ளே வந்து மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் அதைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரின் அப்பா எங்கள் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போட்டவர் அவர். விடியலில் பால்மரம் சீவப் போனவர்கள் என் அப்பாவும் அம்மாவும். கிராணி வீட்டிலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு எது வந்தாலும், பழைய சட்டையோ பலகாரமோ, அம்மா அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். பிறகு ரப்பர் போனது, எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, தோட்டமும் மூடியது. மந்தின் ஊருக்கு வெளியே வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கிராணியின் மகளும் மரம் சீவியவரின் மகளும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். பார்த்தால் சிரிப்போம். வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசும் பழக்கம் எங்களுக்குள் இல்லை.

முட்டிவலி வந்து தொழிற்சாலை வேலையை விட்ட பிறகு நான் பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்தேன். பிள்ளைகள் வெளியூரில். கணவருக்கு நீலாயில் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் போனால் மாலைதான் திரும்புவார். சிரம்பானில் ஒரு குழு, பார்வை இல்லாதவர்களுக்காகத் தமிழ்ப் புத்தகங்களை ஒலிநூலாக்கிக்கொண்டிருந்தது. என் குரலைக் கேட்டுவிட்டு, கணினியில் செருகும் மைக்கும் ஹெட்ஃபோனும் ஒரு நாவலும் கொடுத்தார்கள். தோட்டத்து மருத்துவமனை நர்ஸ் ஒருத்தியின் கதை. அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கேட்டுச் சரிபார்ப்பவர் ஒரு பெண். அவருக்கும் பார்வை இல்லை. என்னைவிட இளையவர் என்பதால் அக்கா என்பார். எழுதமாட்டார், போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்.

முதல் அத்தியாயத்தை அனுப்பிய மறுநாளே அவர் குரல் வந்தது. "அக்கா, படிக்கிறது நல்லா இருக்கு. ஆனா நடுவுல நடுவுல டப் டப்புன்னு வெடிக்குது. சோளம் பொரியிற மாதிரி. கொஞ்சம் செட்டிங் பாருங்க அக்கா."

எனக்கு உடனே லேப்டாப் கொடுத்தவர் மேல்தான் நினைப்பு போனது. இந்தப் பொரிகிற சத்தம் தெரிந்துதான் தள்ளிவிட்டாரோ? பிறகு காற்றாடியைச் சந்தேகப்பட்டேன். அதை நிறுத்தி, வியர்த்து வழியப் படித்தேன், சத்தம் போகவில்லை. வீட்டு வயரிங் மேல் சந்தேகம் வந்தது. செம்பனைக் காட்டிலிருந்து கூரைக்குள் வரும் அணில்கள் வயரைக் கடித்திருக்கும் என்று கணவரை ஏணி வைத்து ஏற வைத்தேன். அவர் தலையில் ஒட்டடையோடு இறங்கி, "பழைய சாமான் பழைய சாமான்தான்லா" என்றார்.

அப்புறம்தான் ஒலிப்பதிவு மென்பொருளின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். அதுவும் இலவசமாக இறக்கியதுதான். இத்தனை பொத்தான்களை வைத்து ஒருவன் ஏன் சும்மா கொடுக்கிறான் என்ற கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மடிக்கணினியின் கேமராக் கண்ணுக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டினேன். பிறகு போனில் விளக்கக் காணொளிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, நிறுத்தி நிறுத்திக் கற்றுக்கொண்டேன்.

பஃபர் என்று ஒன்று இருக்கிறது. மைக்கிலிருந்து வரும் ஒலி எழுதப்படுமுன் கொஞ்ச நேரம் காத்திருக்கும் தொட்டி அது. தொட்டி சின்னதாக இருந்து கணினிக்கும் வேறு வேலை இருந்தால் அள்ளி எடுக்க நேரம் போதாது. வழிந்துபோன இடத்தில்தான் டப் என்று வெடிக்கும். என்னுடையது மிகச் சிறியதாக இருந்தது. பெரிதாக்கினேன். சாம்பிள் ரேட் என்று இன்னொன்று. ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை தரம் அளந்து எழுதுவது என்ற கணக்கு. மென்பொருளில் 44100, கணினியில் 48000 என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டையும் 44100 ஆக்கினேன். மின்சாரத்தைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று கணினி பாதியில் கண் அசருவதை நிறுத்தினேன். படிக்கும்போது இணையத்தைத் துண்டித்தேன், மற்ற ஜன்னல்களை மூடினேன். மைக்கின் ஏற்றத்தை, நான் உரக்கப் படித்தாலும் பச்சைக் கோடு சிவப்பைத் தொடாத அளவுக்குக் குறைத்தேன்.

ஒவ்வொன்றையும் மாற்றும்போது, இது எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற பயத்தோடுதான் மாற்றினேன். யோசிக்காமல் மாற்றியது ஒன்றே ஒன்று. எந்தக் கருவியிலிருந்து ஒலியை எடுப்பது, எந்தக் கருவியில் கேட்பது என்று மென்பொருள் கேட்கும் இடத்தில் என் மைக்கின் பெயரும் ஹெட்ஃபோனின் பெயரும் இருந்தன. "குழப்பிக்காதீங்க, ரெண்டையும் டிஃபால்ட்ல விட்டுடுங்க, கம்ப்யூட்டரே பார்த்து எடுத்துக்கும்" என்று ஒரு காணொளிக்காரர் சொன்னார். நல்ல கனிவான முகம் அவருக்கு. அப்படியே விட்டேன்.

வெடிக்கும் சத்தம் போய்விட்டது. சரிபார்க்கும் பெண் பாராட்டி அனுப்பினார். நான் வேகமாகப் படித்தேன். இடையிடையே சில நாட்களில், பதிவைப் போட்டுக் கேட்டால் ஹெட்ஃபோனில் ஒன்றும் வராது. வயர் லூசாகிவிட்டது என்று நினைத்து, எந்த நாளில் வராதோ அன்று கேட்காமலே அனுப்பிவிடுவேன்.

ஒரு மாலை, கணவர் குளித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போனில் சரிபார்க்கும் பெண்ணின் பேச்சு வந்திருந்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, ஆறாவது அத்தியாயத்துல உங்க குரல் ரொம்ப தூரத்துல கேக்குது. வேற ரூம்ல இருந்து படிக்கிற மாதிரி. அதோட ஒரு ஆம்பள குரல் கிட்ட இருந்து கேக்குது. உங்க வீட்டுக்காரரா? அவர பக்கத்துல உக்காந்து பேச வேணாம்னு சொல்லுங்க." சிரித்தபடி முடித்திருந்தார்.

கணவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எப்பப் படிச்சது அது?"

"போன வாரம். காலையில."

"அப்ப நான் வேலையிலதானே இருந்தேன்?"

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, ஆறாவது அத்தியாயத்தைப் போட்டேன். அந்தப் பெண் சொன்னபடியே என் குரல் கிணற்றுக்குள் கிடந்தது. நர்ஸ் யாருக்கும் தெரியாமல் ஒருவரைச் சந்திக்கப் போகும் கட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. அந்த நிசப்தத்தில், காதுக்குப் பக்கத்தில், மிக மெதுவாக ஓர் ஆண் பேசினான்.

"பயப்படாதீங்க. மோட்டார் இல்ல, பார்த்துட்டுத்தான் வந்தேன். அவரு வேலைக்குப் போயிட்டாரு."

கரண்டி கோப்பையில் படும் சத்தம். யாரோ அடங்கிச் சிரிக்கும் சத்தம். பிறகு நான் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

கணவர் அதை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தரம் போடச் சொல்லவில்லை. எழுந்து பின்பக்கம் போய்க் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"யாரு அது?"

"சத்தியமா தெரியலைங்க."

"நீ நிறுத்துற, அவன் பேசுறான். அவன் நிறுத்துறான், நீ படிக்கிற."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் மரியாதைக்காரர் ஆகிவிட்டார். தண்ணீர் கேட்கும்போதுகூட "கொஞ்சம் கிடைக்குமா" என்றார், கடைக்காரியிடம் கேட்பதுபோல. வேலைக்கிடையில் ஒருநாளும் வீட்டுக்கு வந்தவர் இல்லை. இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு நீலாயிலிருந்து வர ஆரம்பித்தார். தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரை ஓசையில்லாமல் தள்ளிக்கொண்டு வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று அவருக்குச் சோறு போட்டபோது குழம்பைத் தட்டுக்கு வெளியே சிந்திவிட்டேன். சிந்தியதையும் அவர் கவனித்தார். அதை என்னவென்று அவர் எடுத்துக்கொண்டாரோ.

எனக்கும் பயம்தான். நான் ஒரு பாவமும் அறியேன். அப்படியானால் என் மைக்குக்குப் பக்கத்தில் நின்று பேசியவன் யார்? கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். கூரைப் பலகையின் திறப்பை விளக்குமாற்றுக் கட்டையால் தள்ளிப் பார்த்தேன். இலவச மென்பொருள்காரன் எங்கோ உட்கார்ந்து என் பதிவில் குரலை ஏற்றுகிறானோ என்று நினைத்தேன். அப்புறம் இன்னொன்றும் நினைத்தேன். அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இது கணவரே வைத்த பொறியோ? யாரையாவது பேசவைத்து உள்ளே சேர்த்துவிட்டு, என் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறாரோ? அவருக்கு லேப்டாப்பைத் திறக்கக்கூடத் தெரியாது. தெரியாததுபோல நடிக்கிறாரோ என்றும் தோன்றியது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு காலை அவர் போன பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று மேசை முன் உட்கார்ந்தேன். குரல் மைக் வழியாக வந்ததா, உள்ளேயே இருந்ததா என்று முதலில் தெரிய வேண்டும். மைக்கின் வயரைப் பிடுங்கித் தரையில் போட்டேன். லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி மைக்கையும் அணைத்தேன். மென்பொருளைத் திறந்து பதிவுப் பொத்தானை அழுத்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைக்கே இல்லாத கணினியில் ஒலியளவுக் கோடு செத்துக் கிடக்க வேண்டும்.

கோடு அசைந்தது. கொஞ்சம் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. யாரோ பக்கத்தில் நடமாடுவதுபோல.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பதிவை நிறுத்திவிட்டு, டிஃபால்ட் என்று விட்டிருந்த அந்த இடத்தைத் திறந்தேன். ஒலியை எடுக்கும் கருவியாக, நான் அதுவரை கண்டிராத ஒரு பெயர் இருந்தது: ஏதோ எழுத்தும் எண்ணும், கூடவே புளூடூத் அடையாளம். கேட்கும் கருவியிலும் அதே பெயர். என் ஹெட்ஃபோன் ஏன் சில நாட்களில் ஊமையாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வயரில் கோளாறு இல்லை. ஒலி வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

கேட்பதை மட்டும் ஹெட்ஃபோனுக்கு மாற்றிவிட்டு, சற்றுமுன் பதிவானதைப் போட்டேன். செருப்பு உரசும் சத்தம். ஒரு பெண் முணுமுணுப்பாகத் தேவாலயப் பாட்டு ஒன்றைப் பாடுகிறாள். பிறகு தண்ணீர் கொதித்துக் கேத்தலின் விசில். ஹெட்ஃபோனைக் கழற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போதும் அந்தப் பாட்டு, லேசாக, நேராகவே கேட்டது.

டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உருண்டையாக ஒரு நீல ஸ்பீக்கர் இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். போனில் இருக்கும் பாட்டை அதில் விட்டுக் கேட்பார். பேசுவதற்கும் அதில் ஒரு சின்ன மைக் இருக்கும். அதை அவர் ஒரு காலத்தில் இந்த லேப்டாப்போடு இணைத்திருக்கிறார். லேப்டாப் சுவரின் இந்தப் பக்கம் வந்த பிறகும் அந்த இணைப்பு அறுபடவில்லை. காலையில் அவர் ஸ்பீக்கரைத் திறந்ததும், அது போனை விட்டுவிட்டுப் பழைய எஜமானைத் தேடி என் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கணினியும் புதிதாக வந்ததையே டிஃபால்ட் என்று எடுத்துக்கொள்கிறது. நான் என் மைக்குக்கு முன்னால் படித்துக்கொண்டிருக்க, பதிவானது டீச்சர் வீட்டு மேசை. சுவரைத் தாண்டிப் போனதால்தான் என் குரல் அத்தனை தூரத்தில் கேட்டிருக்கிறது.

நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அந்த ஆண் டீச்சர் வீட்டுக்கு வருகிறவன். நான் தப்பிக்க வேண்டுமானால் கணவரிடம் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டோடு நிற்காது.

யோசித்துவிட்டு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டீச்சர், உங்க நீல ஸ்பீக்கர் ஒழுங்கா பாடுதா?"

அவர் முகம் மாறியது. "ஏன் கேட்கிறீங்கள்?"

"சும்மா சொல்லுங்க."

"காலையிலே பாட்டுப் போட்டால் வராது. ஆனால் சில நேரம் உங்கட குரல் வரும்." என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஒருத்தி களவாக ஒராளைச் சந்திக்கிற கதை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டீங்கள். எனக்குக் கேட்கவேணும் என்றுதானே போட்டனீங்கள்?"

பிழையில்லாமல் படித்திருக்கிறேனா என்று பார்க்க நான் அந்தப் பத்தியை, வயரை அசைத்து அசைத்து, நாலைந்து தரம் ஓடவிட்டிருந்தேன். ஹெட்ஃபோன் ஊமையென்று நான் அலுத்துக்கொண்ட நேரத்தில், இங்கே இந்த மேசையில் என் குரல் அவரைக் குத்திக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் எத்தனை நாளாக என்மேல் பயந்துகொண்டே வேலியில் சிரித்தாரோ.

நடந்ததைச் சொன்னேன். லேப்டாப், டிஃபால்ட், ஸ்பீக்கர், சுவர் எல்லாம். அவர் கை நெற்றிக்குப் போனது.

"அப்போ இந்த வீட்டுப் பேச்செல்லாம் உங்களுக்குக் கேட்டதோ?"

"ஒரு துண்டுதான் கேட்டேன். யாருன்னு எனக்குத் தெரியல டீச்சர். நீங்க சொல்லவும் வேணாம். ஆனா என் வீட்டுக்காரர் அதக் கேட்டுட்டாரு. என்னைத் தேடித்தான் ஒருத்தன் வர்றான்னு நினைக்கிறாரு."

டீச்சர் மேசையில் இருந்த ஸ்பீக்கரை அணைத்தார். பிறகு, "நீங்கள் இப்ப போங்கோ" என்றார். எழுந்து கதவைத் திறந்து பிடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் மேலேயே கோபம் வந்தது. இவர் எங்கே ஒத்துக்கொள்ளப் போகிறார்? சூட்கேஸை எடுத்துக்கொண்டு சிரம்பானில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். கிராணி வீட்டு ஆட்கள் எப்போதும் கையைக் கழுவிக்கொண்டு ஒதுங்கியவர்கள்தானே. அன்று மாலை அவர் வீட்டு விளக்கு எரியவில்லை. மறுநாள் ஜன்னல் திரை விலகவில்லை. கணவர் மத்தியானம் வந்தார், சாப்பிட்டார், போனார். அவரிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். சொன்னாலும் நம்பமாட்டார், பக்கத்து வீட்டுப் பொம்பிளைமேல் பழியைப் போடுகிறாள் என்பார் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய்விட்டு வந்து கணவர் வாசலில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்பக்க கேட் திறந்தது. டீச்சர் வந்தார், தேவாலயத்துக்குப் போன புடவையோடு, கையில் அந்த நீல ஸ்பீக்கர். அவருக்குப் பின்னால் எங்கள் மண்டோர் அண்ணன்.

தோட்டம் இருந்த காலத்தில் வேலைக்காரர்களை மேய்த்த மண்டோர் அவர். இப்போது கோவில் கமிட்டித் தலைவர். மனைவி இறந்து சில வருடங்களாகிவிட்டன, பையன்கள் பெரியவர்கள். திருவிழாவில் ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் இவர் அறிவிப்பு மட்டும் தெருக்கோடிவரை கேட்கும். அந்தக் குரலை இவரோடு சேர்த்து நாங்கள் இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை. இவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"தம்பி, அந்தக் குரல் என்னோடது" என்றார், முற்றத்தில் நின்றபடி.

கணவர் துணியைக் கீழே போட்டார். "எந்தக் குரல்?"

"உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்கிறது. நான் டீச்சர் வீட்டுக்கு வந்து போறேன். தப்பான எண்ணத்துல இல்ல. ரெண்டு பேரும் கல்யாணம் செஞ்சுக்கிறதா இருக்கோம். என் பையன்கள்ட்ட இன்னும் சொல்லல, அதான் உங்க மோட்டார் இல்லாத நேரம் பார்த்து வந்தேன். உங்க வீட்டம்மா பேர் இதுல கெடக்கூடாது."

நான் எதிர்பார்த்தது, கணவர் முகம் தெளிந்துவிடும் என்று. அப்படி ஆகவில்லை. அவர் மண்டோரையும் டீச்சரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று பேரும் சேர்ந்து கட்டிக்கொண்டு வந்த கதையாக இருக்கலாமே என்ற கணக்கு அவர் கண்ணில் ஓடியது எனக்குத் தெரிந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"அப்படின்னா அதே வார்த்தைய இதுல சொல்லுங்க, அண்ணே" என்றார் கணவர்.

நாங்கள் இருவரும் உள்ளே வந்தோம். டீச்சர் தன் வீட்டு மேசையில் ஸ்பீக்கரை வைத்துத் திறந்துவிட்டு, மண்டோரோடு அங்கேயே இருந்தார். நான் இந்தப் பக்கம் டிஃபால்ட்டில் வைத்து, கணவர் பார்க்கும்படி மைக் வயரைப் பிடுங்கிக் காட்டிவிட்டுப் பதிவை ஓட்டினேன். சுவர் அதிர்ந்தது. "பயப்படாதீங்க! மோட்டார் இல்ல!" என்று மண்டோர் கமிட்டிக் கூட்டத்தில் பேசுவதுபோல முழங்கினார். கோடு சிவப்பில் போய் முட்டியது. கேட்பதை லேப்டாப்புக்கு மாற்றிப் போட்டபோது பழைய குரலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கணவர் தலையை ஆட்டினார். "இது இல்ல."

முழக்கத்துக்குப் பிறகு நான் உடனே நிறுத்தாததால் அங்கே அடுத்து நடந்ததும் பதிவில் இருந்தது. "அப்படி இல்லை" என்று டீச்சர் சொல்கிறார். "என்னட்டைச் சொல்கிற மாதிரிச் சொல்லுங்கோ." ஓர் இடைவெளி. யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிறார். பிறகு வந்தது அந்தக் குரல், அப்படியே, மூச்சுக் காற்றோடு: "பயப்படாதீங்க. பார்த்துட்டுத்தான் வந்தேன்."

கணவர் அதை இரண்டாம் தரம் போடச் சொல்லவில்லை. எழுந்து டீச்சர் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று கேட்கக் கூடாது என்று நானே பதிவை நிறுத்தி, லேப்டாப்பை மூடினேன்.

அன்று பின்னேரம் எல்லாவற்றையும் ஒழுங்காக்கினேன். அந்த ஸ்பீக்கரின் பெயரைக் கணினியிலிருந்து நீக்கினேன். புளூடூத்தையே அணைத்தேன். எடுக்கும் கருவிக்கு என் மைக்கின் பெயர், கேட்கும் கருவிக்கு என் ஹெட்ஃபோனின் பெயர் என்று எழுதிக் கொடுத்தேன். எதையும் கணினியின் விருப்பத்துக்கு விடவில்லை. ஆறாவது அத்தியாயத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் படித்தேன். சரிபார்க்கும் பெண்ணுக்கு, பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் கலந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். "நான் கூட வேற என்னமோ நினைச்சேன் அக்கா" என்றார். அவரும்தான். இன்றைக்கும் படிக்குமுன் கொஞ்சம் பேசிப் பதிவு செய்து, கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

மண்டோர் பையன்களிடம் சொன்னார். பெரியவன் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள்தான் நடுவில் நின்று முடிச்சுப் போட்டோம் என்று அவனுக்குச் சந்தேகம். கோவிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தலைவர் கட்டப்போவது தேவாலயத்துக்குப் போகிறவரையா என்று கமிட்டியிலும் முணுமுணுத்தார்கள். மண்டோர் தலைவர் பதவியை விட்டுவிட்டார். சில மாதங்கள் கழித்து சிரம்பானில் கல்யாணத்தைப் பதிந்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு டீச்சரின் தங்கையும் என் கணவரும். கணவரைக் கேட்டது டீச்சர்தான்.

முடிந்து ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு நாங்கள் மோட்டாரில் திரும்பினோம். மந்தின் மலைப்பாதை வளைவுகளில் ஒரு லோரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்தாமல் அதன் பின்னாலேயே போனார். தலையைப் பாதி திருப்பிப் பேசினார்.

"அந்தக் குரல மொதல்ல கேட்டப்ப எனக்குக் கோபம் வரல தெரியுமா?"

"அப்புறம்?"

"நான் என்னைக்காவது உன்கிட்ட அப்படிப் பேசியிருக்கேனான்னு யோசிச்சேன். ஞாபகம் வரல. அதுக்கப்புறம்தான் கோபம் வந்துச்சு."

என்னை உளவு பார்த்த நாட்களுக்கு மன்னிப்புக் கேட்க வழி தெரியாமல் இப்படிச் சுற்றி வளைக்கிறாரோ என்று ஒரு பக்கம் தோன்றியது. அப்படியே இருந்தாலும், அதைச் சொல்ல அவர் இத்தனை மாதம் காத்திருந்திருக்கிறார்.

"மோட்டாரத் தள்ளிக்கிட்டு வந்ததப் பார்த்தேன்" என்றேன்.

"தெரியும். திரை அசைஞ்சுது" என்றார். லோரி ஒதுங்கி வழிவிட்டது. வேகத்தைக் கூட்டினார்.